18 ஆயிரத்தில் நிற்கும் சேனல்: ஷார்ட்ஸா, பழைய வீடியோவா, புதுச் சேனலா?

மாடித்தோட்டம் பற்றித் தமிழில் வீடியோ போடும் ஒரு யூடியூப் சேனலை எடுத்துக்கொள்வோம். கற்பனைச் சேனல்தான். ஆனால் இந்த மாதிரி சேனல்களுக்கு எடிட்டிங் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், இதில் வரும் ஒவ்வொன்றும் எங்காவது பார்த்ததுதான். சேனலுக்கு மூன்று வயது, 18 ஆயிரம் சப்ஸ்கிரைபர். முதல் இரண்டு வருடம் மளமளவென்று ஏறியது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்ற ஒரு வீடியோ மட்டும் இரண்டு லட்சம் வியூஸ் தாண்டியது. அப்புறம் நின்றுவிட்டது. வாரம் ஒரு வீடியோ தவறாமல் போகிறது. ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு வியூஸில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த நிலைமையில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. தினம் ஒரு ஷார்ட்ஸ் போடு என்பார் ஒருவர். தோட்டம் ஓடி முடிந்த சப்ஜெக்ட், சமையலுக்கு மாறு என்பார் இன்னொருவர். இந்தச் சேனலை அல்காரிதம் ஒதுக்கிவிட்டது, புதிதாக ஒன்று தொடங்கு, காசு போட்டு ப்ரமோட் பண்ணு, இன்ஸ்டாவுக்குப் போ, பெரிய சேனலோடு சேர்ந்து வீடியோ எடு, அதாவது கொலாப் பண்ணு. இதில் எதுவுமே பொய்யான யோசனை இல்லை, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குக் கைகொடுத்ததுதான். தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருப்பதும் அதனால்தான்.

நான் இவை எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் எடைபோடுவேன். இந்த வழியாக உள்ளே வருகிறவர், அடுத்த வீடியோவுக்கும் வருவாரா?

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

வழியைத் தேடும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். தோட்டச் சேனலுக்குப் பருவம் உண்டு. ஆடிப்பட்டம் நெருங்கும்போது விதை, மண்கலவை, குரோ பேக் என்று தேடுகிறவர்கள் பெருகுவார்கள். தைப்பட்டத்துக்கு இன்னொரு அலை வரும். ஏப்ரல், மே வெயிலில் செடியே கருகும்போது தோட்டம் போடலாம் என்று யாருக்குத் தோன்றும்? நிழல்வலை வீடியோவைத் தவிர மற்றவை படுத்துவிடும். அதனால் மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. சேனல் நடத்துகிறவர் தன் கணக்குகளைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவில், போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் வித்தியாசம் இல்லை என்றால்தான் சேனல் நின்றிருக்கிறது என்று அர்த்தம். தேர்வு, டெக், கிரிக்கெட் பேசும் சேனல்களுக்கும் இப்படி ஒரு காலண்டர் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். 2019 முதல் யூடியூப் வெளியில் காட்டும் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை சுருக்கப்பட்டது, முதல் மூன்று இலக்கம் மட்டும்தான் தெரியும். 18,200 ஆனபின் 18,300 ஆகும்வரை சேனல் பக்கத்தில் எண் அசையாது. மாதக்கணக்கில் அதையே பார்த்து மனம் நொந்தவர்கள் இருக்கிறார்கள். சரியான எண் ஸ்டுடியோவில் இருக்கிறது.

நின்றிருப்பது உறுதியானால், எங்கே நின்றிருக்கிறது என்பதைக் காட்ட மூன்று எண்கள் போதும். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலை யூடியூப் எத்தனை முறை காட்டியது என்பது இம்ப்ரெஷன். அப்படிக் காட்டியதில் நூற்றுக்கு எத்தனை முறை கிளிக் விழுந்தது என்பது சிடிஆர். உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் முப்பதாவது விநாடியில் இன்னும் இருக்கிறார்கள் என்பது ரிட்டென்ஷன் படத்தில் தெரியும். சிடிஆர் 4 சதவீதம்தான் என்று குன்றிப்போக வேண்டாம். உலகில் பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் அது 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் என்று யூடியூபே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது. நிறையப் பேருக்குக் காட்டக் காட்ட சிடிஆர் இறங்குவதும் இயல்புதான்.

நம் மாடித்தோட்டச் சேனலில் நான் முதலில் திறந்து பார்ப்பது வேறொரு பக்கம். பார்வையாளர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்ற பட்டியல். அதில் பெரும்பங்கு யூடியூப் தேடல். ஹோம் பக்கத்திலிருந்தும் மற்ற வீடியோக்களின் பரிந்துரையிலிருந்தும் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆடியன்ஸ் பக்கத்தில் புதியவர்கள் கோடு உயரத்தில் ஓடுகிறது, திரும்பி வருகிறவர்கள் கோடு தரையோடு கிடக்கிறது.

நோய் இதுதான். இந்தச் சேனல் ஒரு மருந்துக்கடை. செடிக்குப் பூச்சி வந்தால் வருகிறார்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல் என்று தெரிந்துகொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். பூச்சி போய்விட்டால் சேனலை மறந்துவிடுகிறார்கள். வீடியோ நன்றாக இருப்பதாலேயே அவர்களுக்குத் திரும்பி வரும் தேவை இல்லாமல் போகிறது. முதல் இரண்டு வருடம் ஏறியதற்கும் காரணம் இதேதான்: தேடுகிற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வைத்தார்கள். அந்தக் கேள்விகள் தீர்ந்தன, வளர்ச்சியும் தீர்ந்தது.

ஷார்ட்ஸ்: எண் ஏறும், சரி

எல்லாரும் முதலில் சொல்லும் யோசனை இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். அன்றிலிருந்து நம் ஊர் ஆட்கள் விரலால் தள்ளிக்கொண்டே போகப் பழகிவிட்டார்கள். 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம்வரை ஷார்ட்ஸாகவே போடலாம். முகம் தெரியாத சேனலைக்கூட ஆயிரக்கணக்கானவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதில் இதற்கு இணை இல்லை. அதை மறுக்கவே முடியாது.

சிக்கல் எண்களில் இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. பார்த்தாரா, தள்ளிவிட்டாரா என்ற கேள்வியே கிடையாது. உண்மையில் நின்று பார்த்தவர்கள் கணக்கு ‘என்கேஜ்டு வியூஸ்’ என்று தனியாக இருக்கிறது. பணம் கணக்கிடப்படுவதும் அதை வைத்துத்தான். அதனால் "என் ஷார்ட்ஸ் ஒரு லட்சம் போயிருச்சு" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டாவது எண் என்ன என்று கேளுங்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் சேனலுக்கு. ஷார்ட்ஸில், எல்லா ஷார்ட்ஸுக்கும் இடையில் ஓடும் விளம்பரப் பணத்தை ஒன்றாகத் திரட்டி, பாட்டு பயன்படுத்தியிருந்தால் அதற்கான பங்கைக் கழித்து, மீதியில் வியூஸுக்கு ஏற்பப் பிரித்து, அதில் 45 சதவீதம். கையில் வருவதைப் பார்த்தால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே மனம் வராது. மானிட்டைசேஷன், அதாவது விளம்பர வருமானத்தில் பங்கு பெறும் அனுமதி, இன்னும் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரம் சப்ஸ்கிரைபரோடு, பன்னிரண்டு மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில், அதாவது விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த வரிசையில், ஓடிய நேரம் அந்த 4000-இல் சேராது. அதற்கு வேறு கதவு: 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ். மாடித்தோட்டக்காரருக்கு ஒரு கோடி என்பது கனவு.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஷார்ட்ஸில் வந்தவர் அடுத்த நீள வீடியோவுக்கு வருவாரா? பெரும்பாலும் மாட்டார். அவர் உங்கள் சேனலுக்கு வரவில்லை, ஃபீடுக்கு வந்தார். நடுவில் நீங்கள் எதிர்ப்பட்டீர்கள். சப்ஸ்கிரைப் பட்டனைத் தட்டுவார், அப்புறம் மறந்துவிடுவார். எண் 18 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரம் ஆகலாம், வார வீடியோ அதே ஆயிரத்து ஐந்நூறில் நிற்கும். அப்போது முன்னைவிடக் குழப்பம்தான் அதிகம்.

ஆனால் ஒரு விதத்தில் ஷார்ட்ஸ் உதவும். 2023 ஆகஸ்ட் கடைசியில் ஷார்ட்ஸின் கமென்ட், டிஸ்கிரிப்ஷன் லிங்குகளைத் தட்ட முடியாதபடி யூடியூப் நிறுத்தியது. அதற்குப் பதிலாக ‘ரிலேட்டட் வீடியோ’ என்று ஒன்றைக் கொடுத்தது. ஷார்ட்ஸின் அடியில் உங்களுடைய இன்னொரு வீடியோவின் பெயர் தெரியும், தட்டினால் நேராக அங்கே போகும். எனக்கு வரும் சேனல்களில் பலர் இதை வைப்பதே இல்லை. மாவுப்பூச்சியை ஹோஸ் தண்ணீரால் பீய்ச்சியடிக்கும் நாற்பது விநாடிக் காட்சி ஒன்று, அதன் அடியில் முழுச் சிகிச்சை வீடியோ. இப்படி ஒவ்வொரு ஷார்ட்ஸும் ஒரு நீள வீடியோவின் வாசலாக இருந்தால் போடலாம். வாசல் இல்லாத ஷார்ட்ஸைத் தினமும் போடுவது உடம்புக்குத்தான் கேடு.

பழைய வீடியோக்களைப் பழுதுபார்ப்பது

இது யாருக்கும் பிடிக்காத வழி. புதிதாக எதையும் படம் பிடிக்க வேண்டியதில்லை, யாரிடமும் சொல்லிப் பெருமைப்படவும் முடியாது. எனக்கு முதலில் கை போவது இங்கேதான்.

அந்த இரண்டு லட்சம் வியூஸ் வீடியோவையே திறந்து பார்ப்போம். இன்றும் தினம் ஐம்பது, நூறு பேர் தேடி வந்து பார்க்கிறார்கள். வீடியோ முடியும்போது என்ன நடக்கிறது? "மீண்டும் ஒரு நல்ல வீடியோவில் சந்திப்போம், நன்றி வணக்கம்" என்று கும்பிடு. அப்புறம் பத்து விநாடி வெறும் லோகோ. கடைசி விநாடிகளில் அடுத்த வீடியோவைக் காட்டுவதற்கான எண்ட் ஸ்கிரீனில் எதுவும் இல்லை. தினமும் நூறு பேர் வீட்டுக்குள் வருகிறார்கள், அடுத்த அறைக்குக் கதவு வைக்கவில்லை. அந்தப் பத்து விநாடியில் "மாவுப்பூச்சி மறுபடி வராமல் இருக்க" என்ற வீடியோவை நிறுத்துங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அடுத்து எடுக்க வேண்டிய வீடியோ அதுதான்.

ஆரம்பம் அடுத்தது. "வணக்கம் நண்பர்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, நம்ம சேனலுக்குப் புதுசா வந்திருந்தா மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணிட்டு பக்கத்துல இருக்க பெல் பட்டனையும்..." இதைச் சொல்லும் இருபது விநாடியில் ரிட்டென்ஷன் கோடு எப்படிச் சரிகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாளில் அந்த வசனத்தைச் சொல்ல மனம் வராது. வந்தவர் பூச்சியோடு வந்திருக்கிறார். முதல் வாக்கியம் இலையைத் திருப்பிக் காட்டுவதாக இருக்கட்டும். பழைய வீடியோவில் இதை மாற்ற ஸ்டுடியோ எடிட்டரிலேயே முன்பகுதியை வெட்டிவிடலாம்; லிங்க், வியூஸ், கமென்ட் எதுவும் போகாது.

தம்ப்நெயிலில் நம் சேனல்களின் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே: மஞ்சள் எழுத்து, சிவப்பு அம்பு, வாயைப் பிளந்த முகம், "இது தெரியாம போச்சே!". செடி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கும். மாடித்தோட்டத்தில் பூச்சியின் நெருக்கமான படமே போதுமானது. தன் செடியில் பார்த்த அதே வெள்ளைப் பஞ்சை அங்கே பார்க்கிறவர் கிளிக் செய்வார். எது நல்லது என்று சண்டை போட வேண்டியதும் இல்லை. ஸ்டுடியோவில் ஒரு நீள வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்வரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி 2024-இல் பரவலாக வந்தது. அதில் கவனிக்க வேண்டியது, வெற்றியாளரைக் கிளிக்கை வைத்து யூடியூப் முடிவு செய்வதில்லை, பார்வை நேரத்தை வைத்து முடிவு செய்கிறது. ஆளை ஏமாற்றி உள்ளே இழுக்கும் படம் அங்கே தோற்றுப்போகும்.

ஒரு விஷயம் மட்டும் செய்யாதீர்கள். ஓடாத பழைய வீடியோக்கள் சேனலைக் கெடுக்கின்றன என்று நினைத்து அழிப்பவர்கள் இருக்கிறார்கள். மானிட்டைசேஷனுக்குக் காத்திருப்பவர் என்றால் அழித்த வீடியோவின் மணி நேரமும் கணக்கிலிருந்து போய்விடும்.

பழுதுபார்ப்பதற்கும் எல்லை உண்டு. மருந்துக்கடையை நன்றாக ஒழுங்குபடுத்தினாலும் அது மருந்துக்கடைதான். வந்தவரைத் திரும்பி வரவைக்க ஒரு தொடர் வேண்டும். ஆடி முதல் வாரம் பத்துப் பையில் விதை போடுங்கள். வாரா வாரம் அதே பத்துப் பை. வெண்டை ஏழெட்டு வாரத்தில் காய்த்துவிடும். நடுவில் ஒரு பையில் இலை மஞ்சளாகும், ஒன்றை அணில் கடித்துவிடும், ஒரு மழையில் இரண்டு பை அழுகும். பார்வையாளரும் அதே வாரம் விதை போட்டிருந்தால் அடுத்த வாரம் அவரே தேடி வருவார், தன் செடியை உங்கள் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்க. இதில் தோல்வியை மறைக்கக் கூடாது. அழுகிய பையைப் பற்றிய வாரத்துக்குத்தான் கமென்ட் நிறைய விழும்.

இடையில் ஒரு வேண்டுகோள். எட்டு நிமிடம் தாண்டினால் வீடியோவின் நடுவிலும் விளம்பரம் போடலாம் என்பதால் மூன்று நிமிட விஷயத்தை எட்டு நிமிடம் இழுக்கிறார்கள். தேடி வந்தவரை விரட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. தொடருக்கு எட்டு நிமிடம் தானாகவே வரும். பூச்சி மருந்துக்கு வேண்டாம்.

சப்ஜெக்ட்டை மாற்றுவதும், சேனலையே மாற்றுவதும்

இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம், ஏனென்றால் இரண்டிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பார்வையாளர் உங்களுக்காக வருகிறாரா, விஷயத்துக்காக வருகிறாரா?

கோபி, சுதாகர் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் சென்ட்ரல் சேனலில் ‘பரிதாபங்கள்’ என்ற நகைச்சுவை வீடியோக்கள் செய்துகொண்டிருந்தவர்கள், அங்கிருந்து விலகித் தனிச் சேனல் தொடங்கினார்கள். ஜனம் பின்னாலேயே வந்தது. விக்னேஷ்காந்த் ஸ்மைல் சேட்டை சேனலிலிருந்து பிளாக் ஷீப் சேனலுக்கு வந்தபோதும் இதேதான் நடந்தது. அவர்களுடைய பார்வையாளர்கள் அந்த ஆட்களுக்காக வந்தவர்கள். அவர்கள் எங்கே போனாலும் சிரிப்பு அங்கே போகும்.

செம்பருத்தியில் பூச்சி என்று தேடி வந்தவருக்கு உங்கள் பெயர் தெரியாது. புதுச் சேனல் தொடங்கினால் அந்த 18 ஆயிரத்தில் சில நூறு பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆயிரம் சப்ஸ்கிரைபர், 4000 மணி நேரம் என்ற ஏணியை முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். அல்காரிதம் சேனலை ஒதுக்கிவிட்டது என்ற வாதத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. யூடியூப் ஒவ்வொரு வீடியோவையும் யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்துத்தான் காட்டுகிறது. பூட்டிய கதவு என்று ஒன்று இருந்தால், பழைய சேனல் ஒன்றில் திடீரென்று ஒரு வீடியோ கொளுத்திப் போட்டதுபோல ஓடுவது நடக்கவே நடக்காது. அடிக்கடி நடக்கிறது.

புதுச் சேனல் சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. பார்வையாளர்களே வேறு ஆட்களாக இருக்கும்போது. மாடித்தோட்டக்காரர் ஷேர் மார்க்கெட் பேச ஆசைப்பட்டால் அது தனிச் சேனல்தான். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால், தோட்டத்துக்கு வந்தவர்களிடம் பங்குச்சந்தை வீடியோவைக் காட்டிப் பார்த்து, அவர்கள் தொடாததால் அது அங்கேயே முடங்கும்.

சமையலுக்கு மாறலாமா? ஆடியன்ஸ் பக்கத்தில், உங்கள் பார்வையாளர்கள் வேறு எந்தச் சேனல்களைப் பார்க்கிறார்கள் என்று காட்டும் பகுதி இருக்கிறது. அதில் சமையல் சேனல்கள் வரிசையாக நின்றால் பாலம் போட்டுப் பார்க்கலாம். மொட்டைமாடியில் முருங்கைக்கீரை பறிப்பதில் தொடங்கி அடுப்பில் முடியும் வீடியோ. திரும்பி வருகிறவர்கள் அதையும் பார்த்தால் மெல்ல நகரலாம். திடீரென்று ஒரு திங்கள்கிழமை பிரியாணி போட்டால் யாருக்கும் புரியாது. இதே பாலத்தில் "என் ஒரு நாள்" மாதிரியான வ்லாக் ஏறாது. முகம் தெரியாத ஒருவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரிந்துகொள்ள யாரும் பூச்சி மருந்து தேடவில்லை.

மாறாமலே நின்றவர்களையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. வயல்வெளி, பெரிய பாத்திரம், தாத்தா, ஒரே மாதிரியான படப்பிடிப்பு. அவர்கள் சப்ஜெக்ட்டை மாற்றவில்லை. பேச்சைவிடப் படம் பேசியதால் தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள். நம் தோட்டக்காரருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: காட்டக்கூடியதைச் சொல்லிக்கொண்டிருக்காதே. வேற்று மொழிக்கு டப்பிங் செய்யும் யோசனையை நான் இங்கே தள்ளிவைப்பேன். தமிழ்நாட்டுப் பருவத்தை வைத்துச் சொல்லும் தோட்டக் குறிப்பு மொழி மாறினாலும் வேறு ஊர் மண்ணுக்கும் மழைக்கும் அப்படியே பொருந்தாது. தமிழுக்குள்ளேயே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். நாடுவாரிப் பட்டியலில் இலங்கை தெரிந்தால் அவர்களை மனதில் வைத்து ஒரு வீடியோ எடுப்பது டப்பிங்கைவிட மலிவு, பலனும் அதிகம்.

மற்றவை, சுருக்கமாக

காசு கொடுத்து ப்ரமோட் செய்வது. ஸ்டுடியோவிலேயே அதற்கு இடம் இருக்கிறது, சட்டப்படியானதுதான். ஆனால் விளம்பரம் வழியாக வந்த பார்வை நேரம் மானிட்டைசேஷன் கணக்கில் சேராது, காசு நின்ற அன்றே வருகையும் நிற்கும். விதை, உரம், பயிற்சி வகுப்பு என்று விற்க ஒன்று இருப்பவர் செய்யலாம். சப்ஸ்கிரைபரை விலைக்கு வாங்குவதும், "நீ எனக்குப் பண்ணு, நான் உனக்குப் பண்றேன்" குரூப்புகளும் யூடியூப் விதிகளுக்கே எதிரானவை. அவற்றைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

கொலாப். பெரிய சேனலைத் துரத்துவதைவிட உங்கள் அளவிலேயே இருக்கும் பக்கத்துச் சப்ஜெக்ட்காரர் நல்லது. நாட்டு விதை சேகரிப்பவர், கீரைச் சமையல் செய்யும் அம்மா. அவருடைய ஆட்கள் ஏற்கெனவே திரும்பி வந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் என்றால், அதில் பத்துப் பேர் வந்தாலும் கணக்கில் நிற்பார்கள். என் கேள்விக்கு ஷார்ட்ஸைவிட இது நல்ல பதில். கஷ்டம் என்னவென்றால், ஆள் பிடிப்பதும் நாள் குறிப்பதும் வெயிலில் இரண்டு கேமராவோடு மொட்டைமாடியில் நிற்பதும்.

இன்ஸ்டாகிராம். தோட்டப் படங்கள் அங்கே அழகாக இருக்கும். ஆனால் யூடியூப் மாதிரி மாதாமாதம் விளம்பரப் பங்கு வரும் என்று நம்பிப் போகக் கூடாது. அங்கே வருமானம் பெரும்பாலும் பிராண்டு ப்ரமோஷன். ஒரே இடத்தை நம்பி இருப்பதும் ஆபத்து என்பதற்கு 2020 டிக்டாக் தடை சாட்சி. லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் இரண்டாவது இடமாக நான் சொல்வது வாட்ஸ்அப் சேனல். இந்தியாவுக்கு 2023 செப்டம்பரில் வந்தது. அங்கே சேர்கிறவர் வேண்டுமென்றே சேர்கிறார். ஞாயிறு காலை "மூன்றாம் வாரப் பைகள்" என்று லிங்க் போட்டால் பார்க்கிறார்.

தினம் ஒரு வீடியோ. வேண்டாம். வாரம் ஒன்றுக்கே ஆயிரத்து ஐந்நூறு என்றால் ஏழு வீடியோவுக்கு ஏழு மடங்கு வராது. அதே ஆட்கள்தான் ஏழாகப் பிரிவார்கள்.

என் வரிசை

தேடலில் வாழும் சேனலுக்கு: முதல் இரண்டு வாரம், அதிகம் பார்க்கப்படும் பத்து வீடியோக்களின் எண்ட் ஸ்கிரீன், தலைப்பு, தம்ப்நெயில், முன்பகுதி. அப்புறம் ஒரு பட்டத்துக்கு ஒரு தொடர். தொடரின் ஒவ்வொரு வாரத்துக்கும் வாசலோடு ஒரு ஷார்ட்ஸ். தொடர் பாதியில் இருக்கும்போது ஒரு கொலாப். பட்டம் முடிந்ததும் சப்ஸ்கிரைபர் எண்ணைப் பார்க்காமல், திரும்பி வருகிறவர்கள் கோட்டைப் பார்க்க வேண்டும். அது எழுந்திருந்தால் தைக்கும் இதே வழிதான். அசையவே இல்லையென்றால் அப்போது சமையல் பாலத்தை யோசிக்கலாம்.

தேடலில் வாழாத சேனலுக்கு வரிசை மாறும். சினிமா விமர்சனம், நகைச்சுவை, பேச்சு என்று ஆளுக்காகப் பார்க்கும் சேனலில் திரும்பி வருகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், புதியவர்கள்தான் குறைவு. அங்கே ஷார்ட்ஸும் கொலாப்பும் முதலில். பேச்சின் காரமான ஒரு நிமிடத்தை வெட்டிப் போட்டால் அது அந்த ஆளைத்தான் அறிமுகம் செய்கிறது. பிடித்தவர் முழுப் பேச்சுக்கும் வருவார். தோட்டக்காரருக்கு நான் தயங்கிச் சொன்ன வழி இவருக்குத் தாராளமாகப் பொருந்தும்.

ஒன்றுமே செய்யாமல் விடுவதும் சிலருக்குச் சரியான முடிவு. நர்சரி வைத்திருப்பவர் சேனல் நடத்தினால் அவருக்கு 18 ஆயிரமே தாராளம், அதிலும் பார்சல் அனுப்பக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். வளர்ச்சிக்காக அவர் ஷார்ட்ஸ் போட ஆரம்பித்தால் விதை விற்கும் ஆடி மாதத்தில் கடையைப் பார்க்க நேரம் இருக்காது. அவருக்கு நான் செய்து கொடுக்கும் ஒரே மாற்றம், டிஸ்கிரிப்ஷனில் பத்து ஹேஷ்டேக்குகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஆர்டர் எண்ணை முதல் வரிக்குக் கொண்டுவருவது. ‘மேலும்’ என்று தட்டாமலே கண்ணில் படுவது அந்த வரிதான்.